ஏவலாளும் வட்டை விதானையும்
கணினியின் பின்னணிப் பணிகள் பற்றிய ஒரு விளக்கம்

கணினி வழியே நடைபெறும் காரியங்களுட் கண்முன்னே நிகழ்வன சில. கண்மறைவில் நிகழ்வன பல. ஒருவர் இணையத்தின் வாயிலாக ஒரு விண்ணப்பம் அனுப்புகின்றார். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்னும் ஒரு வரி திரையிலே தோன்றுகின்றது. காரியம் முடிந்ததென அவர் எழுந்து சென்றுவிடுகின்றார். உண்மையிலோ, அவர் எழுந்த பின்னரே வேலை தொடங்குகின்றது. அவருக்கு மின்னஞ்சல் செல்லவேண்டும். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி செல்லவேண்டும். அவர் ஏற்றிய நிழற்படம் சிறிதாக்கப்படல் வேண்டும். அலுவலர் ஒருவர்க்குப் பட்டியல் ஆயத்தமாதல் வேண்டும். இவற்றையெல்லாம் செய்து முடிப்போர் யாவர்? அவரை எழுப்புவோரும் துயிற்றுவோரும், வீழ்ந்தவிடத்துத் தூக்கி நிறுத்துவோரும் யாவர்? பழைய செயலியை நீக்கிப் புதியதை நிறுவும் வேளையிற் கைவேலையோடு நிற்கும் அவர்களை என் செய்வது? இவ்வினாக்களையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழாசிரியர்க்கும் இப்பொருளுக்கும் யாது தொடர்பு என அன்பர் சிலர் வினவக்கூடும். எம் மாணவருட் கணினிப் பாடம் பயில்வோர், கலைச்சொற்களுக்குத் தமிழ் வேண்டி எம்மிடம் வருவது வழக்கம். சொல்லைத் தரவேண்டுமாயின் முதலிற் பொருளை அறிதல் வேண்டும். அங்ஙனம் அறியப் புகுந்தவிடத்துச் சொல்லினும் பொருளே சுவையுடைத்தாயிற்று. கொழும்பிலும் தோகாவிலும் மெல்பேணிலும் இத்தொழிலையே புரியும் பழைய மாணவர்க்கு இது புதுச் செய்தியன்று. இப்பொழுது வகுப்பறையில் இருப்போர்க்கும், அவர்க்குக் கற்பிப்போர்க்குமே இதனை எழுதுகின்றோம்.

நம் ஊர் வயலை முதலில் நினைந்துகொள்வோம். போடியார் வீட்டிலே இருந்து வருவோரை வரவேற்பார், பேச்சுவார்த்தை நடத்துவார், 'ஆகட்டும், செய்துதருவோம்' என்பார். வயலில் இறங்கி வேலை செய்வோர் வேறு. முல்லைக்காரர் வாடியிலே தங்கி, இரவும் பகலும் காவலும் வேலையுமாக இருப்பார். போடியாரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டால், வாயிலில் வந்து நிற்போர்க்கு விடைகூற ஆளில்லாது போகும். இணையச் செயலியின் நிலையும் இதுவே. வாயிலில் நின்று விடைகூறும் பகுதி ஒன்று. அது அரை விநாடியில் விடைகூறி அடுத்தவரைக் கவனித்தல் வேண்டும். நெடுநேரம் எடுக்கும் வேலையை அது ஒரு சிறு சீட்டில் எழுதி, ஒரு வரிசையில் இட்டுவிடும். அவ்வரிசையிலிருந்து சீட்டை ஒவ்வொன்றாக எடுத்து வேலையை முடிக்கும் மற்றொரு பகுதியே யாம் ஈண்டு ஏவலாள் என வழங்குவது. வரிசை சில இடங்களிற் சாதாரணத் தரவுத்தள அட்டவணையாக இருக்கும். வேறு சில இடங்களில் 'ரெடிஸ்' போன்ற விரைவான நினைவகக் களஞ்சியமாக இருக்கும்.

ஏவலாள் என்னுஞ் சொல்லை யாம் வேண்டுமென்றே தேர்ந்தோம். கண்மறைவில் இடைவிடாது ஓடும் நிரலை ஆங்கிலத்தில் 'டீமன்' என்பர். 1963ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 'புரொஜெக்ட் மாக்' என்னும் திட்டத்தில் உழைத்தோர் அப்பெயரை இட்டனர். மாக்ஸ்வெல் என்னும் பௌதிக அறிஞர், மூலக்கூறுகளை வேகம் பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்கும் பூதமொன்றைக் கற்பனை செய்திருந்தார். அப்பூதத்தின் பெயரே கணினிக்கு வந்தது. நம் நாட்டு வழக்கிலும் மந்திரவாதி ஏவிய காரியத்தைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்து முடிக்கும் பூதத்தின் பேச்சு உண்டு. அச்செயலுக்கு ஏவல் என்றே பெயர். இலக்கணத்திலோ, முன்னிலையானைப் பணிக்கும் வினையும் ஏவல் எனப்படும். வரிசையில் இடப்படும் சீட்டு ஒவ்வொன்றும் ஓர் ஏவல் வினையே. ஆகவே இச்சொல் இரு வழியாலும் பொருந்துவதாயிற்று.

இனி, ஏவலாள் நடுவழியில் நின்றுவிடுதலால் விளையும் கேடு சிறியதோ பெரியதோ என்பதை நம் கரையோரத்து வரலாற்றோடு சேர்த்து நோக்குவாம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி காலையிற் சுமாத்திராவின் அருகே நிலம் நடுங்கியது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங் கழித்தே அலை நம் கரையை அடைந்தது. அவ்விரண்டு மணித்தியாலத்துள் ஒரு சொல்லேனும் திருக்கோவிலுக்கோ கல்முனைக்கோ வந்து சேரவில்லை. சேர்ப்பதற்கு ஓர் ஏற்பாடும் அந்நாளில் இருந்ததில்லை. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டமே; இங்கு மாத்திரம் பதினாயிரத்தின் மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி வீடுதோறும் துயரம் புகுந்தது. இம்மலரைப் படிப்போருள் அந்நாளிற் பெற்றாரையோ உடன்பிறந்தாரையோ இழந்தவர் பலர் உளர் என்பதை யாம் அறிவோம்.

அத்துயரின் நடுவிலே கொழும்பிற் கணினித் தொழில் புரிந்த தொண்டர் பலர் ஒன்றுகூடி, காணாமற்போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதிவதற்கு ஒரு செயலியைச் சில நாட்களில் எழுதத் தொடங்கினர். அதற்குச் 'சகனா' என்று பெயர். சிங்களத்திலே துயர் தணித்தல் என்னும் பொருளது. லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷன் என்னும் நிறுவனம் அதனைப் பேணி வளர்த்தது. யாவர்க்கும் கட்டற்ற மென்பொருளாக வழங்கப்பட்டமையால், 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது எடுத்தாளப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலத்துக்கென வழங்கும் 2006ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. பின்னர் அது பைதன் மொழியிற் புதிதாக எழுதப்பட்டு 'சகனா ஈடன்' எனப் பெயர்பெற்று, 2010 சனவரியில் எயிற்றியில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போது முதன்முறையாகக் களத்தில் இறங்கியது. நம் கரையில் விழுந்த கண்ணீர் உலகின் மறுகோடியிலுள்ளார்க்கு உதவும் கருவியாயிற்று என்பதை நம் மாணவருட் பலர் அறியாதிருப்பது எமக்கு வருத்தமே.

ஈடனின் அமைப்பே நம் பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அது 'வெப்டூபை' என்னும் அடித்தளத்தின்மேல் எழுந்தது. சிகாகோவின் டிபோல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மாசிமோ டி பியெரோ 2007இல் வெளியிட்டது அவ்வடித்தளம். அதில் ஏவலாளர்க்கென ஒரு தனி ஏற்பாடு உண்டு. செய்யவேண்டிய பணிகள் ஓர் அட்டவணையில் எழுதப்படும். ஏவலாளர் பெயர்கள் மற்றோர் அட்டவணையில் எழுதப்படும். ஒவ்வோர் ஏவலாளும் சில விநாடிக்கு ஒருமுறை தன் பெயரின் எதிரே நேரத்தைக் குறித்து, 'உயிரோடிருக்கின்றேன்' எனத் தெரிவித்தல் வேண்டும். இதனை நெஞ்சத் துடிப்பு என்பர். ஏவலாளருள் ஒருவர் தலைவராகி மற்றையோர்க்குப் பணியைப் பகிர்ந்தளிப்பார். தலைவர் மாண்டால் இன்னொருவர் அவ்விடத்துக்கு வருவார். அனுப்பவேண்டிய மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் ஈடனில் இவ்வழியே செல்கின்றன. ஏவலாள் ஒருவரும் உயிரோடில்லை எனக் கண்டால், வாயிலில் நிற்கும் பகுதியே அப்பணியை அப்பொழுதே செய்துவிடுமாறும் அதனை எழுதியோர் ஏற்பாடு செய்துள்ளனர். போடியாரே மண்வெட்டி எடுப்பதற்கு ஒப்பாயினும், பணி நடவாதிருப்பதினும் தாமதமாக நடப்பது நன்று எனக் கருதினர் போலும். வெள்ள முகாமொன்றிற் பால்மா தேவை என்னும் செய்தி வரிசையிற் கிடந்து உலர்ந்துபோவதை எண்ணிப் பார்க்க, அவர் கருத்துச் சரியென்றே தோன்றுகின்றது.

இனி ஏவலாளை எழுப்பும் முறைக்கு வருவோம். பழகும் மாணவர் பெரும்பாலும் முனையத்திற் கட்டளையைத் தட்டி, அது ஓடத் தொடங்கியதும் மகிழ்ந்து, சாளரத்தை மூடிவிடுவர். மூடிய கணமே ஏவலாளும் மாள்வான். அடுத்து, 'நோஹப்' என்னுஞ் சொல்லை முன்னே சேர்த்தோ, 'ஸ்கிரீன்' என்னும் கருவியின் உள்ளே வைத்தோ ஓட்டக் கற்றுக்கொள்வர். இது சில நாள் நிலைக்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திரார். அத்தகைய நாளில் மின்சாரம் மீண்டு கணினி எழுந்தபோது இணையத்தளம் எழுந்துவிடும். எவரோ ஒருவர் கையாலே தொடக்கிய ஏவலாள் மாத்திரம் எழுவதில்லை. திரையிற் பார்ப்போர்க்கு எல்லாம் நலமென்றே தோன்றும். விண்ணப்பம் ஏற்கப்படும், சீட்டு வரிசையிற் சேரும், எடுப்பார் இல்லை. இக்குறையின் கொடுமை அது ஓசையின்றி நிகழ்வதிலேயே உள்ளது.

வேறொரு பழைய முறையும் உண்டு. ஏவலாள் தானே பின்னணிக்குச் சென்று, தன் செயன்முறை எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைப்பான். நிறுத்த வேண்டுமாயின் அவ்வெண்ணைப் படித்து அவ்வெண்ணுக்கு உரியவனை நிறுத்துவர். ஏவலாள் திடீரென மாண்டு, அவன் எண் வேறொரு நிரலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் என்னாகும்? குற்றமற்ற ஒருவனைக் கொன்றுவிட்டு, ஏவலாளை நிறுத்தினோம் என நம்பியிருப்போம். இறந்தவர் பெயர் வாக்காளர் இடாப்பில் நிற்பது போன்றதே இது. ரூபி மொழியாளர் பெரிதும் கையாளும் 'சைட்கிக்' என்னும் ஏவலாள் நிரல், 2019இல் வெளியான தன் ஆறாம் பதிப்பில், தானே பின்னணிக்குச் செல்லும் வழியையும் எண்கோப்பு எழுதும் வழக்கத்தையும் அறவே நீக்கிவிட்டது. 'எம்மைக் காப்பது இயங்குதளத்தின் கடன். எம் கடன் பணி செய்வதே' என்பது போன்ற நிலை அது.

அங்ஙனம் காப்பவனே நம் ஊரின் வட்டை விதானை. அவர் எந்த ஒரு போடியாருக்கும் உரியவரல்லர். வட்டை முழுவதற்கும் உரியவர். எந்த வாய்க்கால் எப்பொழுது திறக்கும், எவர் முதலில் விதைப்பர், வேலி எங்கே பிரிந்தது என்பன அவர் அறிவன. சாகாமக் குளத்து நீர் வருமுன்னே வயலில் இறங்குவதாற் பயனில்லை என்பதும் அவர் சொல்ல வேண்டியதே. லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்விடத்தை வகிப்பது 'சிஸ்டம்டி'. லெனார்ட் பொட்டெரிங், கேய் சீவர்ஸ் என்னும் இருவர் 2010இல் அதனைத் தோற்றுவித்தனர். 2011இல் பெடோராவும், 2015இல் டெபியனும் உபுண்டுவும் அதனை ஏற்றுக்கொண்டன. அதன் முன்னர் உபுண்டுவில் 'அப்ஸ்டார்ட்' என்பது இருந்தது. வெப்டூபையின் நூலில் அந்த அப்ஸ்டார்ட்டுக்கென எழுதிய சிறு கோப்பொன்று காட்டப்பட்டுள்ளது. ஏவலாள் வீழ்ந்தால் மீண்டும் எழுப்புக, 60 விநாடிக்குள் 8 முறை வீழ்ந்தாற் கைவிடுக என்பது அதன் சாரம். அக்கோப்பை இக்காலத்து இயந்திரத்தில் இட்டுவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என வினவும் மாணவரை யாம் கண்டதுண்டு. நூல் பழையது, வட்டை விதானை மாறிவிட்டார்.

சிஸ்டம்டிக்கு ஏவலாளை அறிமுகஞ் செய்வது ஒரு சிறு எழுத்துக் கோப்பு. இதனைச் சேவைக் கோப்பு என்போம். இன்ன பெயரால், இன்ன பயனரின் உரிமையோடு, இன்ன கோப்புறையிலிருந்து, இன்ன கட்டளையை ஓட்டுக என அதில் எழுதுவோம். பத்துப் பன்னிரண்டு வரிகளே இருக்கும். ஆயினும் ஒவ்வொரு வரியும் ஆய்ந்து எழுதத்தக்கது.

'ஆஃப்டர்' என்னும் வரி முறையை மாத்திரம் கூறுவது. இன்னது எழுந்தபின் இது எழுக என்பது அதன் பொருள். அதனால் அந்த இன்னது எழுப்பப்படும் என்பதில்லை. எழுப்பவும் வேண்டுமாயின் 'வான்ட்ஸ்' அல்லது 'ரிக்வயர்ஸ்' என்னும் வரியும் வேண்டும். தரவுத்தளம் வருமுன்னே ஏவலாள் எழுந்து, கதவைத் தட்டி, திறப்பாரின்றி மாள்வது இவ்விரண்டையும் மயங்குவதால் வரும் விளைவே.

'ரீஸ்டார்ட்' என்னும் வரி வீழ்ந்தவனை எழுப்புவது. இங்கே நுட்பம் ஒன்றுண்டு. வேறொன்று எழுதாவிடின், சிஸ்டம்டி வீழ்ந்த ஏவலாளை ஒரு விநாடியின் பத்திலொரு பங்கு நேரத்தில் மீண்டும் எழுப்பும். பத்து விநாடிக்குள் ஐந்து முறை எழுப்பியும் நிலைக்காவிடின் கைவிட்டுவிடும். தரவுத்தளம் எழுவதற்கு இருபது விநாடி தேவைப்படுகின்றது எனக் கொள்க. ஏவலாள் முதலிரு விநாடிக்குள்ளேயே ஐந்து முறையும் மாண்டு, கைவிடப்பட்டுக் கிடப்பான். தரவுத்தளம் பின்னர் வந்தும் பயனில்லை. எழுப்புதற்கு முன் ஐந்து விநாடி பொறுக்க என ஒரு வரி எழுதிவிட்டால் இவ்விடர் நீங்கும். பத்து விநாடிக்குள் ஐந்து முறை என்னும் எல்லையை அவன் எட்டவே மாட்டான். ஒரு வரியின் குறையால் ஓரிரவின் வேலை முழுவதும் கெடுவது எமக்கு வியப்பாகவே இருக்கின்றது.

சேவைக் கோப்பைத் திருத்தியபின், 'டீமன் ரீலோட்' என்னும் கட்டளையால் அதனை மீளப் படிக்கும்படி சிஸ்டம்டியிடம் சொல்லவேண்டும். 'ஸ்டார்ட்' என்பது இப்பொழுது எழுப்புவது. 'எனேபிள்' என்பது கணினி எழுந்தோறும் எழுப்புவது. முன்னையதை மாத்திரம் செய்து பின்னையதை விட்டவர், அடுத்த மின்தடையின்போது அறிவர்.

இனி நிறுவுகைக்கு வருவோம். இதுவே இப்பொருளின் கடினமான பகுதி. செயலியின் புதிய பதிப்பை இயந்திரத்தில் இட்டு நடைமுறைக்குக் கொண்டுவருதலை நிறுவுகை என்கின்றோம். பலர் கையாளும் முறையில், ஒவ்வொரு பதிப்பும் நேரத்தைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறையில் வைக்கப்படும். 'நடப்பு' என்னும் பெயருடைய ஒரு சுட்டி அவற்றுள் ஒன்றைக் காட்டிநிற்கும். புதியது வந்ததும் சுட்டியைத் திருப்பிவிடுவர். வாயிலில் நிற்கும் பகுதி புதிய நிரலோடு எழும். ஏவலாளோ, தொடங்கியபோது சுட்டி எதனைக் காட்டியதோ அதனுள்ளேயே இருப்பான். சுட்டி திரும்பியது அவனுக்குத் தெரியாது. 'கப்பிஸ்ட்ரானோ' போன்ற கருவிகள் வேறு கட்டளை இல்லாவிடிற் கடைசி ஐந்து பதிப்புகளை மாத்திரம் வைத்து மற்றவற்றை அழித்துவிடும். மீளத் தொடக்கப்படாத ஏவலாள், காலடியில் நிலமே இல்லாத வீட்டில் இருந்து வேலை செய்யும் நிலைக்கு வந்துவிடுவான்.

அதனினும் நுண்ணிய கேடு வேறு. வாயிலில் இருப்பவர் புதிய முறைப்படி சீட்டு எழுதுகின்றார்; பழைய ஏவலாள் பழைய முறைப்படி அதனைப் படிக்கின்றான். நம் பழைய மாணவர் சங்கம் விழா அழைப்பை ஆயிரம் பேர்க்கு அனுப்புகின்றது எனக் கற்பனை செய்க. முந்திய பதிப்பிற் சீட்டில் முகவரி எழுதப்பட்டது. புதிய பதிப்பில் உறுப்பினர் எண் எழுதப்படுகின்றது. பழைய ஏவலாள் எண்ணை முகவரியென்று கொண்டு, ஆயிரம் சீட்டையும் பிழையெனத் தள்ளிவிடுவான். வாயிலின் நிரல் குற்றமற்றது. ஏவலாளின் நிரலும் எழுதிய காலத்திற் குற்றமற்றது. இரண்டும் ஒருங்கே ஓடியதே குற்றம். ஆதலின் புதிய பதிப்பைத் திருத்தும்போது, பழைய முறைச் சீட்டையும் சில நாளுக்குப் புதிய ஏவலாள் படிக்கத்தக்கவாறு எழுதுதல் நன்று. நிறுவுகைக்கு முன் எழுதப்பட்ட சீட்டுகள் வரிசையில் எஞ்சியிருக்கும் என்பதை மறத்தலாகாது. சைட்கிக்கிற் பிழைபட்ட பணி 25 முறை, ஏறத்தாழ மூன்று வாரம் வரையில் மீண்டும் மீண்டும் முயலப்படும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். மூன்று வாரத்துக்கு முந்திய சீட்டு ஒன்று இன்று திரும்பி வரலாம்.

ஆகவே ஏவலாளை நிறுத்தி மீளத் தொடக்குதல் இன்றியமையாதது. எங்ஙனம் நிறுத்துவது? மருதமுனையிலே கைத்தறி நெய்வோர், புதிய வண்ணம் வேண்டுமெனப் பாதிச் சீலையை அறுத்தெறிய மாட்டார். கையிலுள்ள சீலையை முடித்தபின்னரே புதிய பாவைப் பூட்டுவர். ஏவலாளுக்கும் இவ்வுரிமை வேண்டும். சிஸ்டம்டி நிறுத்தும்போது முதலில் 'முடித்துக்கொள்' என்னும் சைகையை அனுப்பும். அதன் பெயர் 'சிக்டேர்ம்'. அதன்பின் 90 விநாடி பொறுத்திருக்கும். அப்பொழுதும் ஓயாவிடின் 'சிக்கில்' என்னும் சைகையாற் கொன்றுவிடும். அச்சைகையை எந்த நிரலும் மறுக்கவியலாது. சைட்கிக், முதற் சைகை வந்ததும் புதிய சீட்டு எடுப்பதை நிறுத்தி, கையிலுள்ளதை முடிக்க 25 விநாடி எடுத்துக்கொள்ளும்; முடியாதவற்றை மீண்டும் வரிசையில் வைத்துவிட்டு ஓயும். அவ்வாறன்றி முறையின்றிக் கொல்லப்பட்டால், கையிலிருந்த சீட்டு வரிசையிலும் இல்லை, முடிந்ததும் இல்லை என்றாகித் தொலைந்துபோகும். ஏவலாளின் பொறுமை எல்லை சிஸ்டம்டியின் எல்லையினும் குறைந்திருத்தல் வேண்டும் என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது. ஏவலாளுக்குப் பத்து நிமிடம் தந்துவிட்டுச் சேவைக் கோப்பிலே 90 விநாடியை அப்படியே விட்டுவைத்தால் அப்பத்து நிமிடத்துக்குப் பொருளில்லை.

வெப்டூபையில் இதற்கு அழகான வழியொன்று உண்டு. ஏவலாளர் அட்டவணையில் ஒருவன் பெயரின் எதிரே 'ஓய்க' என எழுதிவிடலாம். கைவேலையை முடித்துவிட்டுத் தானே விலகுவான். 'கொல்க' எனவும் எழுதலாம்; உடனே மாள்வான். 'துயில்க' என எழுதினால் உயிரோடிருந்தும் புதுப்பணி ஏற்கான். சேவைக் கோப்பிலே, எவ்வாறு ஓய்ந்தாலும் மீண்டும் எழுப்புக என எழுதியிருப்பின், 'ஓய்க' என்னும் ஒரு சொல்லே போதும்: பழையவன் வேலையை முடித்து விலக, விதானை புதியவனைப் புதிய நிரலோடு எழுப்பிவிடுவார். பிழையால் வீழ்ந்தபோது மாத்திரம் எழுப்புக என எழுதியிருப்பின், முறையாக விலகியவன் மீண்டு வரமாட்டான்.

படத்தைச் சிறிதாக்கும் ஏவலாள் அவ்வேலைக்கென வேறொரு நிரலைத் தனக்குக் கீழே எழுப்புவதுண்டு. சிஸ்டம்டி வழக்கமாக அக்குடும்பம் முழுவதற்கும் ஒரே நேரத்திற் சைகை அனுப்பும். தலைவன் பொறுத்திருந்து முடிக்க நினைத்தும், வேலை செய்யும் பிள்ளை அதற்கு முன்னரே மாண்டுவிடும். 'கில்மோட்' என்னும் வரியில் 'மிக்ஸ்ட்' என எழுதினால் முதற் சைகை தலைவனுக்கு மாத்திரம் செல்லும்.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் ஓர் இலக்கணம் கூறத் தோன்றுகின்றது. பாதியில் நின்ற பணி வினையெச்சம் போன்றது. 'எழுதி' என்றால் எழுதி என் செய்தான் என மனம் முற்றைத் தேடும். முற்றுப்பெறாத பணியை மீண்டும் வரிசையில் இட்டால், அது தொடக்கத்திலிருந்தே மீளச் செய்யப்படும். ஐந்நூறு பேர்க்குச் செய்தி அனுப்பி எஞ்சிய ஐந்நூறு பேர்க்கு அனுப்புமுன் நின்ற பணி, மீளத் தொடங்கினால் முதல் ஐந்நூறு பேர்க்கும் இரண்டாம் முறை செய்தி செல்லும். விழா அழைப்பாயின் நகைத்துவிட்டுப் போவர். வங்கிக் கணக்கிற் பணம் கழிப்பதாயின் யார் நகைப்பர்? இதற்கு வழி இரண்டு. ஆயிரம் பேர்க்கு ஒரு பணி என்பதை ஆளுக்கு ஒன்றாக ஆயிரம் சிறு பணிகளாகப் பகுத்தல் ஒன்று. சிறிய பணி 25 விநாடிக்குள் முடிந்துவிடும். செய்யுமுன் 'ஏற்கெனவே செய்தாயிற்றோ' என அட்டவணையைப் பார்த்துப் பின் செய்தல் மற்றொன்று. பலமுறை செய்யினும் ஒருமுறை செய்த பயனே விளையுமாறு பணியை எழுதுதல் என்பர் இதனை. எம் கருத்தில், சேவைக் கோப்பின் எல்லா வரிகளினும் இதுவே முதன்மையானது. கோப்பு எத்துணைச் செம்மையாயினும் மின்சாரம் திடீரெனப் போகும் நாளில் எந்தச் சைகையும் வாராது.

நிறுவுகையின் ஒழுங்கும் இதனால் விளங்கும். முதலில் ஏவலாளரைப் புதுச் சீட்டு எடாதவாறு அமைதிப்படுத்துக. சைட்கிக்கில் இதற்கெனத் தனிச் சைகை உண்டு. புதிய கோப்புகள் வந்து சேர்வதற்குள் கைவேலை பெரும்பாலும் முடிந்துவிடும். பின்னர் அவரை நிறுத்தித் தரவுத்தள மாற்றத்தைச் செய்து, சுட்டியைத் திருப்பி, வாயிலையும் ஏவலாளரையும் எழுப்புக. அட்டவணையில் ஒரு நிரலை நீக்குவது போன்ற மாற்றங்களை அதே நிறுவுகையிற் செய்யாது அடுத்ததற்கு ஒத்திவைப்பது அறிவுடைமை. நிறுவுகை இடையில் முறிந்தால் அமைதிப்படுத்திய ஏவலாளர் அமைதியாகவே இருந்துவிடுவர் என்பதையும் மறவாது, முறிந்தவிடத்து அவரை மீளத் தொடக்கும் கட்டளையையும் சேர்த்தே எழுதுக.

நிறுவும் பயனருக்கு இயந்திரம் முழுவதன் மீதும் அதிகாரம் தருவது தகாது. அவருடைய சேவைகளை மாத்திரம் அவரே ஆளுமாறு, பயனர் சேவை என்னும் வகையில் எழுதலாம். ஆயின் பயனர் சேவை, அப்பயனர் உள்நுழைந்திருக்கும் வரையிலேதான் வாழும்; வெளியேறியதும் ஏவலாளரும் மாள்வர். நிறுவுகை வெற்றியாக முடிந்து, கருவி வெளியேறிய சில விநாடியில் எல்லாம் ஓய்ந்துபோவது கண்டு திகைப்போர் பலர். 'லிங்கர்' என்னும் உரிமையை அப்பயனருக்கு ஒருமுறை வழங்கிவிட்டால், அவர் இல்லாதபோதும், கணினி எழுந்தவுடனும் அவருடைய சேவைகள் ஓடும். இதனைச் செய்ய விரும்பாதோர், இயந்திரத்துக்குரிய சேவையாகவே வைத்து, அந்த ஒரு சேவையை மீளத் தொடக்கும் கட்டளைக்கு மாத்திரம் பயனர்க்கு இசைவு வழங்கலாம். சிறிய நிறுவனங்கட்கு இரண்டாவதே எளிதென எமக்குத் தோன்றுகின்றது; பின்னால் வந்து பார்ப்பவர்க்கு எங்கே தேடவேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

ஏவலாளர் நால்வர் வேண்டுமாயின் கோப்பு நான்கு எழுதவேண்டியதில்லை. பெயரின் இறுதியில் '@' குறியிட்டு ஒரு கோப்பு எழுதி, அதன்பின் ஒன்று, இரண்டு என எண் சேர்த்து எழுப்பலாம். நால்வரையும் ஒருங்கே நிறுத்தாது ஒருவர்பின் ஒருவராக மீளத் தொடக்கினால் வரிசை ஒருபொழுதும் முற்றாக நிற்காது. ஆயின் அச்சிறு பொழுதிற் பழையவரும் புதியவரும் ஒருங்கே வேலை செய்வர். முன் கூறிய சீட்டு முறை வேறுபாடு இங்கேயும் தலைகாட்டும்.

எல்லாம் முடிந்ததா என்பதை எங்ஙனம் அறிவது? நிறுவுகைக் கருவி பச்சை நிறத்திற் காட்டுவதை நம்புதல் போதாது. 'ஜேர்னல்சிடிஎல்' என்னும் கட்டளை ஏவலாளின் நாட்குறிப்பைக் காட்டும். எப்பொழுது ஓய்ந்தான், எச்சைகையால் ஓய்ந்தான், எப்பொழுது எழுந்தான் என்பன அதிற் பதிவாகியிருக்கும். ஏவலாள் தொடங்கிய நேரம் சுட்டி திரும்பிய நேரத்துக்குப் பிந்தியதாக இருத்தல் வேண்டும். முந்தியதாயின் பழைய நிரலே ஓடுகின்றது. அடுத்து, ஒரு சிறு பணியை வரிசையில் இட்டு அது முடிகின்றதா எனப் பார்க்கவேண்டும். வரிசையின் நீளத்தை நாடோறும் குறித்துவருதலும் நன்று. அது வளர்ந்துகொண்டே போனால் எங்கோ ஒருவன் ஓய்ந்துவிட்டான்.

எம் மாணவர்க்கு யாம் வைக்கும் பரீட்சை வேறு. பழுதானாலும் இழப்பில்லாத பழைய கணினியொன்றில் ஏவலாளை நிறுவி, வரிசையில் நூறு பணிகளை இட்டு, நாற்பதாவது பணி நடக்கும்போது மின்செருகியைப் பிடுங்குக. மீண்டும் செருகி, விசைப்பலகையைத் தொடாது பத்து நிமிடம் காத்திருக்க. நூறும் முடிந்தனவா, எவையேனும் இருமுறை நடந்தனவா, எது தொலைந்தது என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு வருக.